ஆறாவது மாடி ஏரி

ஆபீஸில் தனக்கு ஒரு புதுக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள் என்று மனைவி போனில் சொன்னபோது, கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் வந்தது தொழில் பொறாமை. ஊரில் பாதிப் பேருடைய மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்ட கை அவருடையது. அவர் வீட்டு மூக்குக்கே இன்னொருவர் கண்ணாடி கொடுப்பதா?

"நம்ம கடையில இல்லாத கண்ணாடியா? பிரேம் என்ன, பவர் என்ன?"

"பார்வையே இல்லாதவளுக்குப் பவர் எதுக்குங்க? இது பேசுற கண்ணாடி."

"என்ன பேசும்?"

"எதிர்ல இருக்கிறத அப்படியே சொல்லும்."

'அப்படியே' என்ற அந்த ஒரு சொல் கடைக்காரரின் வயிற்றுக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. எதிரே பவர் பார்க்க உட்கார்ந்திருந்த ஆள், "சார், ரெண்டாவது வரி படிக்கட்டுமா?" என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது.

மனைவிக்குப் பார்வை போனது பன்னிரண்டு வயதில், ஒரு காய்ச்சலில். அதற்குப் பிறகு அவள் காதை வைத்தே படித்து, காதை வைத்தே வேலை வாங்கி, இப்போது வானொலி நிலையத்தில் ஒலித் தொகுப்பாளர். பேட்டியில் யாராவது பேச்சின் நடுவே எச்சில் விழுங்கினால் அதை மட்டும் நறுக்கி எடுத்து எறிந்துவிடுவாள். வீட்டில் கேட்கிற வேலை அவளுடையது. பார்க்கிற வேலையும், பார்த்ததைச் சொல்கிற வேலையும் கணவருடையது.

அந்த வேலையில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. கூடத்தான் வைத்தார். தெருவில் ஒரு பூனை போனால் அது அவர் வாயில் புலிக்குட்டியாகிவிடும். நண்பர் வீட்டுக் கூடம் அரண்மனையாகிவிடும். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்படியும் ஒரு சர்க்கஸ் கம்பெனி முதலாளியாகத்தான் இருப்பார். ஏமாற்ற வேண்டும் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்த்தபடி கையை நீட்டினால் அங்கே இல்லாததுகூட இருப்பதுபோல அவருக்கே தோன்றும்.

அப்படிப் பிறந்ததுதான் ஏரி.

இந்த ஆறாவது மாடி வீட்டைப் பார்க்க வந்த அன்று, அவள் கூடத்து ஜன்னலருகே நின்று, "வெளிய என்னங்க தெரியுது?" என்று கேட்டாள். வெளியே தெரிந்தது கார் கழுவும் இடம். நுரை, குழாய், சேறு, வரிசையாக நின்ற வண்டிகள். அவளுக்கு வீடு பிடித்துப்போயிருந்தது. கீழேயிருந்து தண்ணீர்ச் சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது. அவர் வாய் தானாகத் திறந்து, "ஏரி" என்றது.

சொன்னது இரண்டெழுத்து. பராமரிப்பு ஆயுசுக்கும். ஏரி என்றால் தண்ணீர் மட்டும் போதுமா? முதல் வாரம் இரண்டு வாத்துகளை இறக்கினார். அடுத்த மாதம் ஒரு படகு. படகை ஓட்ட ஒரு படகுக்காரர். படகுக்காரருக்குக் கல்யாணம் நடந்தது. அவர் மாமனாருக்கும் அவருக்கும் ஆகவில்லை. தினமும் சாயங்காலம் டீயோடு ஜன்னலருகே உட்கார்ந்து, "இன்னிக்கு என்னங்க நடக்குது?" என்று மனைவி கேட்பாள். ஏரியின் நீர்மட்டம் ஏறிக்கொண்டேபோயிற்று.

அடுத்தது ரோஜா. அவள் ஆசையாக வாங்கிய செடிகள், அவள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது இவர் தண்ணீர் ஊற்ற மறந்ததில் செத்துப்போயின. அவள் திரும்பி வருவதற்குள் பிளாஸ்டிக் ரோஜாக்களை வாங்கி, தொட்டுப் பார்க்க முடியாதபடி பால்கனிக் கூரையில் தொங்கவிட்டார். காரணம் கேட்டதற்கு, "செடிக்குக் காத்து மேலதான் நல்லா கிடைக்குமாம்" என்றார். அன்று முதல் பிளாஸ்டிக்குக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிவருகிறார்.

சுவர் விஷயத்தில் மட்டும் அவர் சுத்தம். கூடத்துக்கு எலுமிச்சை மஞ்சள் வேண்டும் என்றாள். அவள் பார்வை போவதற்கு முன் படித்த பள்ளிக்கூடத்து நிறமாம். இவரே கடையில் நின்று தேடி, இவரே வாங்கி, இவரே நின்று அடிக்கவைத்தார். அவர் வாழ்க்கையில் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே உண்மை அந்தச் சுவர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடத்தின் நடுவே, ஒரு தடித்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகளை வீசி நடந்துகொண்டிருந்தாள். கோல் சுவரில் சாய்ந்திருந்தது.

"என்னங்க, வீடே பேசுது. சோபா இருக்கிற இடத்துல இருந்தே 'சோபா'ன்னு குரல் வருது. பீரோ மூலையில நின்னு 'பீரோ'ங்குது. மேஜை முனை, 'இடிச்சுக்காதே'ங்குது. கோல் இல்லாமலே சமையலறைக்குப் போய்ட்டு வந்துட்டேன்."

அவள் முகம் ஏரிக்கு மலர்ந்ததைவிட அதிகமாக மலர்ந்திருந்தது. கடைக்காரருக்கு அதில் ஒரு சின்ன வலி.

"இதுக்கு என்ன பேரு?"

"மிகை மெய். இருக்கிற நிஜத்து மேல இன்னொரு அடுக்கு குரலை ஒட்டிவைக்கும். மிகையும் இருக்கும், மெய்யும் இருக்கும்."

மிகை அவருக்குப் பழக்கம்தான். மெய்யோடுதான் பரிச்சயம் போதாது. பதற்றத்தில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். அலமாரியிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட்டை எடுத்து, கடிக்காமல் நாக்கின்மேல் வைத்து, ஊறவிட்டார். டாக்டர் இனிப்பு கூடாது என்ற நாளிலிருந்து அவர் கற்றுக்கொண்ட வித்தை அது. ஒலித் தொகுப்பாளர் இருக்கிற வீட்டில் பிஸ்கட்டைக் கடித்துச் சாப்பிட முடியாது.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நடுத்தர வயது ஆண். பிஸ்கட் சாப்பிடுகிறார். அப்படிங்குது."

கடைக்காரர் பிஸ்கட்டை முழுசாக விழுங்கினார். தொண்டையில் நின்றது.

"ஆண். இருமுகிறார்" என்றாள் மனைவி. "இத நானே சொல்லிடுவேன், கண்ணாடி வேண்டாம்."

அவள் அடுத்து ஜன்னலை நோக்கி நடந்தாள். அவர் பாய்ந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"அங்க வேண்டாம்மா, வெயில் கண்ணைக் கூசும்."

"எனக்கா?"

"எனக்கு."

அன்றைக்குத் தப்பித்தார். ஆனால் எத்தனை நாளைக்குத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அவருக்கு வழிகாட்டியது மனைவியேதான். பாவம், அவளுக்கு அது தெரியாது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"என்னங்க, இதுல நாமளே பேர் ஒட்டலாமாம். உங்க போன்ல நான் சேத்துவிடறேன். எதுக்கு நேரா போனைக் காட்டி எந்தப் பேர் வச்சாலும், அதுக்கப்புறம் கண்ணாடி சொந்தமா யோசிக்காது. நீங்க வச்ச பேரத்தான் சொல்லும். சமையலறை டப்பாவுக்கெல்லாம் ஒட்டிவைங்க. உப்பு எது, சர்க்கரை எதுன்னு."

"எந்தப் பேர் வச்சாலுமா?"

"எந்தப் பேர் வச்சாலும்."

மறுநாள் மதியம் கடையில் 'சாப்பாட்டு நேரம்' பலகையை மாட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். மனைவி ஆபீஸில். உப்பையும் சர்க்கரையையும் முதலில் முடித்தார், கடமை கடமைதான். பிறகு திரைச்சீலையை விலக்கினார். கீழே ஒரு வேனுக்கு நுரைக் குளியல் நடந்துகொண்டிருந்தது. போனை அதற்கு நேராகக் காட்டி, 'ஏரி. அமைதியான நீர்' என்று தட்டினார். கொஞ்சம் தள்ளி, 'இரண்டு வாத்துகள்'. பால்கனிக்குப் போய், 'ரோஜாச் செடி. இன்று மூன்று பூ'. கைக்கு ருசி தட்டிவிட்டது. கூடத்தில் தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, போனைத் தன் பக்கம் திருப்பி, 'அழகான கணவர்' என்று வைத்தார்.

சுவருக்கு ஒன்றும் வைக்கவில்லை. உண்மைக்கு எதற்கு லேபிள்?

சாயங்காலம் அவரே தைரியமாகத் திரைச்சீலையை விலக்கி, "வாம்மா, இன்னிக்கு வெயில் இல்ல" என்று அழைத்தார். மனைவி ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஏரி. அமைதியான நீர்" என்றாள். "வாத்துகூட இருக்காம்."

"நான் சொல்லல?"

"கண்ணாடியே சொல்லிடுச்சு. ரொம்ப அமைதியான நீர்தான்."

கீழே ஒரு மோட்டார் பம்பு கர்ஜித்தது. கடைக்காரர் மெதுவாக விசில் அடித்துக்கொண்டே போய், ரோஜாக்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். விஞ்ஞானத்தையே தன் கட்சிக்கு இழுத்துவிட்ட மனிதனின் விசில் அது.

விசில் முடிவதற்குள் அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டுத் தையல்காரத் தம்பதி. புதுக் கண்ணாடியைப் பார்க்க மனைவிதான் டீக்குக் கூப்பிட்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா வாயைத் திறந்தால் தையல் மிஷினின் பெடல் மாதிரி நிற்காது. அக்காவின் கணவர் பேசவே மாட்டார். தலை பளபளவென்று வழுக்கை.

"நாலு பேரும் உட்காரணும், சோபாவைக் கொஞ்சம் இப்படித் திருப்பிப் போடுங்க. அந்த மேஜையையும்" என்றாள் மனைவி.

கடைக்காரர் உற்சாகமாகத் திருப்பிப் போட்டார். அறையில் சாமான்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதை வைத்துத்தான் கண்ணாடி இடத்தைக் கணக்குப் பண்ணுகிறது என்பதும், சோபா திரும்பினால் அவர் ஒட்டிய பெயர்களும் கூடவே நகர்ந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியாது.

"அக்கா, நீங்களும் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடறேன்" என்று மனைவி கண்ணாடியின் காம்பைத் தடவினாள். சோபாவில் உட்கார்ந்திருந்த தம்பதியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இரண்டு வாத்துகள்" என்றது கண்ணாடி, செய்தி வாசிக்கிற குரலில்.

அக்காவின் பேச்சுகூட ஒரு நொடி நின்றது.

"வாத்தா? யாரைச் சொல்லுது?"

"வாத்தியார்னு சொல்ல வருதுக்கா" என்றார் கடைக்காரர். "அண்ணன் நாலு பேருக்குத் தையல் சொல்லித்தர்றார் இல்ல. வாத்தியார். மெஷின் பாதியில முழுங்கிடுது."

"அட, அதுக்குள்ள அது எப்படிக் கண்டுபிடிச்சுது? ஆனா நான் சொல்லித்தர்றதில்லையே தம்பி, கத்திரிக்கோலைத் தொட்டாலே இவர் திட்டுவார். போன வாரம்கூட ஒரு காலர் வெட்டறேன்னு..." அக்கா காலரில் ஆரம்பித்து, கைக்கு வந்து, பட்டனுக்குப் போய், பட்டன் கடைக்காரரின் மச்சினர் வரைக்கும் போனார்.

மனைவி ஆர்வமாக அக்காவின் பக்கம் சாய்ந்தாள்.

"ஏரி. அமைதியான நீர்" என்றது கண்ணாடி.

எதிர்வீட்டுக்காரர் அவர் கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நீர் வேணுமான்னு கேக்குதுக்கா" என்றார் கடைக்காரர். "குடிக்கிற நீர். இருங்க, கொண்டுவரேன்." நெற்றியில் அவருக்கே ஓர் ஏரி கட்டிவிட்டது. "அண்ணே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்க. அங்கதான் காத்து வரும்."

எதிர்வீட்டுக்காரர் சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தார். மனைவியும் அவர் பக்கம் திரும்பினாள்.

"ரோஜாச் செடி" என்றது கண்ணாடி. "இன்று மூன்று பூ."

எதிர்வீட்டுக்காரர் மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்தார். "ஏதாவது ஒட்டிட்டிருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இருபது வருஷமா எதுவும் ஒட்டல" என்றார் அக்கா.

அதற்குள் மனைவி டீக் கோப்பையோடு எழுந்துவிட்டாள். "என் வீட்டுக்காரருக்கு நானே கொடுக்கறேன்" என்று சொல்லி, கண்ணாடியின் குரலைப் பின்பற்றி நிதானமாக நடந்தாள். கதவோரம் போய் நின்றாள். அங்கே சாய்த்துவைத்திருந்த துடைப்பத்துக்கு நேராகக் கோப்பையை நீட்டினாள்.

"அழகான கணவர்" என்றது கண்ணாடி.

"என்னங்க, டீ" என்றாள் மனைவி துடைப்பத்திடம்.

கடைக்காரர் கூடத்தை ஒரே தாவில் கடந்து, துடைப்பத்துக்கும் கோப்பைக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, "இதோ இருக்கேன்மா" என்று மூச்சிரைக்க வாங்கிக்கொண்டார்.

"இளைச்சுட்டீங்க" என்றாள் மனைவி.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மெஷினை இன்றோடு தீர்த்துக்கட்ட வேண்டும். நாலு பேர் முன்னால் அதன் மானத்தை வாங்க வேண்டும். எதைக் கேட்டால் அது தப்பாகச் சொல்லும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி, "சுவர் என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"வெளிர் பச்சை" என்றது கண்ணாடி.

கடைக்காரர் துள்ளினார். பழம் தானாக வாயில் வந்து விழுந்திருக்கிறது.

"கேட்டீங்களா? கேட்டீங்களாக்கா? இதத்தான் நான் நேத்துல இருந்து சொல்றேன். மெஷினுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு. எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிற மஞ்சள் சுவரை, பச்சைங்குது. இத நம்பி ரோட்டுல நடந்தா என்ன ஆகும்? நாளைக்கே திருப்பிக் கொடுத்துடும்மா."

எதிர்வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நாள் முழுக்கத் துணியின் நிறத்தைப் பார்த்து நூல் கோர்க்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பச்சைதானே தம்பி" என்றார் அக்கா மெதுவாக.

"விளையாடாதீங்கக்கா."

"விளையாடல. நாங்க ரெண்டு பேரும் இந்த வீட்டைப் பச்சை வீடுன்னுதான் சொல்லுவோம்."

டீயை அவசரமாகக் குடித்துவிட்டு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் இன்னொரு முறை தலையைத் தடவிக்கொண்டார்.

மனைவி கதவைச் சாத்தினாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"என்னத்த?"

"ஏரியில இருந்து ஆரம்பிங்க."

கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஏரி இல்லை, கார் கழுவுகிற இடம். படகு இல்லை. படகுக்காரர் இல்லை. அவருக்கும் மாமனாருக்கும் சண்டையும் இல்லை. ரோஜா பிளாஸ்டிக். மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. என்னை மன்னிச்சுடும்மா."

"என்னங்க, ஏரிக்கரையில நின்னு யாராவது, 'வண்டிய பின்னால எடு, பின்னால எடு'ன்னு கத்துவாங்களா?"

கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏரித் தண்ணியில ஷாம்பு வாசனை வருமா? வீடு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். ரோஜா காத்துல ஆடினா டக்குடக்குன்னு சத்தம் வருமா? ஒரு இலை உதிர்ந்து நான் கூட்டினதில்லை."

"அப்ப இத்தனை நாளா?"

"வாத்துக் கதை நல்லா இருந்துது. யாரு நிறுத்துவா?"

"நான் ஒட்டின பேரு?"

"நீங்க எதை ஒட்டினாலும் அந்த நிமிஷமே எனக்குத் தகவல் வரும். இன்னிக்கு மதியம் நிலைய இயக்குநரோட மீட்டிங்ல இருக்கேன். காதுக்குள்ள, 'உங்கள் கணவர் ஒரு ஏரியைச் சேர்த்துள்ளார்'ங்குது. சரின்னு விட்டேன். 'உங்கள் கணவர் இரண்டு வாத்துகளைச் சேர்த்துள்ளார்.' பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். 'உங்கள் கணவர் ஓர் அழகான கணவரைச் சேர்த்துள்ளார்'னதும் தாங்கல. இயக்குநர் பட்ஜெட்டைப் பத்திப் பேசிட்டிருந்தார். நான் சிரிச்சதுல அவர் பாதித் தொகையைக் குறைச்சுட்டார்."

"சோபாவைத் திருப்பச் சொன்னது?"

"பேர் நகரும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். ஆனா துடைப்பத்து மேல போய் விழும்னு நான் எதிர்பார்க்கல. அது உங்க அதிர்ஷ்டம்."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தரையைப் பார்த்தபடியே, "கோபமே இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஒண்ணே ஒண்ணுக்கு." அவள் குரல் மாறிவிட்டது. "ஏரி நீங்க எனக்காகச் சொன்னது. ரோஜா பயந்து சொன்னது. ஆனா சுவர் நான் ஆசைப்பட்டுக் கேட்டது. என் ஞாபகத்துல மிச்சம் இருக்கிற நிறமே கொஞ்சம்தான். அதுல ஒண்ணைக் கேட்டேன். அதுல போய்ப் பச்சைப் பொய் சொல்லியிருக்கீங்க."

"அது மஞ்சள்மா."

"இன்னுமா?"

"சத்தியமா மஞ்சள். ஏரி பொய், வாத்து பொய், நானே பொய்னு வச்சுக்கோ. சுவர் மஞ்சள். நானே பாத்துப் பாத்து வாங்கினேன்."

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். ஒரு பேட்டியில் எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று தேடும்போது செய்வதைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"சுவர் மஞ்சள்."

"நீங்க பொய் சொன்னா மூச்சை முதல்ல இழுத்து வச்சுப்பீங்க. இப்ப இழுக்கல." அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். "என்னங்க, தக்காளி வாங்கப்போனா எப்பவும் பாதி காயா வாங்கிட்டு வருவீங்களே, ஏன்?"

"பழுத்ததத்தான் பாத்து எடுப்பேன். வீட்டுக்கு வந்தா காயா இருக்கும். கடைக்காரன் ஏமாத்திடறான்."

"பரிசளிப்பு விழாவுக்கு நான் போனப்ப, ஒரு கால்ல சிவப்புச் செருப்பு, இன்னொரு கால்ல பச்சைன்னு எல்லாரும் சிரிச்சாங்களே. ஜோடி சரியான்னு உங்களைக் கேட்டேன்."

"ஒரே மாதிரிதானே இருந்துது."

"சின்ன வயசுல படம் வரைஞ்சா?"

"மரத்துக்கு வர்ணம் அடிச்சா டீச்சர் அடிப்பாங்க. ஏன்னு அவங்களும் சொல்லல, எனக்கும் தெரியல."

மனைவி எழுந்து, கண்ணாடியை எடுத்து, தடவிப் பார்த்து அவர் மூக்கில் மாட்டினாள். ஊருக்கே கண்ணாடி மாட்டியவருக்கு முதல்முறையாக வேறொருவர் மாட்டிவிட்டார். அவர் சுவரைப் பார்த்தார். "வெளிர் பச்சை" என்றது குரல். போர்வையைப் பார்த்தார். அவர் பழுப்பு என்று நினைத்திருந்தது சிவப்பு. சமையலறைக்குப் போனார், திரும்பி வந்தார். அலமாரியைத் திறந்தார். வீடு முழுக்க ஏதோ ஒரு விருந்தாளி புகுந்து எல்லாவற்றின் பெயரையும் மாற்றிவைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஓர் ஆள், ஊரில் பெரிய கண்ணாடிக்கடை வைத்து, வந்தவர்களிடமெல்லாம், "இந்த பிரேம் உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நிறம் தெரியாதவர் சொல்ல, கண்ணு தெரியாதவ கேக்க, நாம இத்தனை நாள் ரோட்டைக் கடந்ததே பெரிசு."

கடைக்காரருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப இனிமே நான் எதுக்கு?" என்றார். "எல்லாத்தையும்தான் அது சரியாச் சொல்லுதே."

"அது சரியாச் சொல்லும். அவ்வளவுதான். படகுக்காரரோட மாமனார் இப்ப எங்க இருக்கார்னு அதுகிட்டக் கேட்டேன். 'புரியவில்லை'ங்குது." அவள் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். "ரோட்டுக்கும் ஆபீஸுக்கும் அது. சாயங்காலத்துக்கு நீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர்வீட்டு அக்காவோடு போய்ப் பெயிண்ட் வாங்கிவந்தாள். கூடம் எலுமிச்சை மஞ்சளானது. கடைக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும், "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றார்.

"மூச்சை இழுத்தீங்க" என்றாள் மனைவி.

அவருக்கும் அதே மாதிரி ஒரு கண்ணாடி வாங்கித்தருவதாக அவள் சொன்னபோது மட்டும் அவர் பிடிவாதமாக மறுத்துவிட்டார். ஒரு கண்ணாடிக்கடைக்காரர், எது சிவப்பு எது பச்சை என்று மெஷினிடம் கேட்டுக்கொண்டு நிற்பதா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"எனக்கு எதுக்கு மெஷின்? நீ இருக்க. நீ கேட்டு எனக்குச் சொல்லு. உன் வார்த்தை போதும்."

"நிஜமாவா? நான் சொல்றத அப்படியே நம்பிடுவீங்களா?"

"கண்ணை மூடிட்டு நம்புவேன்."

அதற்கப்புறம் வந்தது அவர் பிறந்தநாள். மனைவி எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொடுத்து ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள். அவர் அதைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ ஒரு மெல்லிய, மங்கலான நிறம்.

"என்ன நிறம்மா?"

"ஆகாய நீலம்."

போட்டுப்பார்த்தார். நிலைக்கண்ணாடிமுன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆகாய நீலம் என்று தெரிந்தபிறகு அது ஆகாய நீலமாகவே தெரிந்தது. தோள் அகலமானதுபோல இருந்தது. கடைக்குப் புறப்படும் வழியில் எதிர்வீட்டில் நின்று, "அக்கா, இந்தத் துணி எனக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. இதே நிறத்துல இன்னும் ரெண்டு சட்டை" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அளவு நாடாவை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

அன்று கடையில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். பிறந்தநாள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பிற்பகலில் பஸ் ஓட்டும் டிரைவர் அம்மா ஒருவர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். தூரத்துப் பார்வைக்கானது. கடைக்காரர் தாமே மாட்டிவிட்டு, காதுப் பக்கம் சரிசெய்து, இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"இப்ப எப்படித் தெரியுது?"

டிரைவர் அம்மா பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தார். தெருவைப் பார்த்தார். திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"துல்லியமாத் தெரியுது சார்" என்றார். "உள்ள வரும்போது ஏதோ வெள்ளைச் சட்டைன்னுல்ல நினைச்சேன். நல்ல ரோஸ் கலர்."